ஹொஃப்மனின் ஏழாவது விதி

பிரீட்ரிஷ் ஹொஃப்மன் 1693இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மருத்துவப் பேராசிரியராக அழைக்கப்பட்டவர். அவர் வகுத்த ஏழு ஆரோக்கிய விதிகளில் அளவான உணவு, நல்ல காற்று, உண்டதற்கேற்ற உடலசைவு என்பன அடங்கும். ஏழாவதோ, வைத்தியரையும் மருந்தையும் விட்டு விலகி ஓடச் சொல்கிறது. (சொன்னவர் பெயரிலேயே துளிமருந்தொன்று மருந்துக் கடைகளில் நெடுங்காலம் விற்பனையானது!)

எம்மவர் மேடைகளில் ‘நீரிழிவுக் குளிசையை விட்டெறியுங்கள்’ என முழங்குவோர் இந்த ஏழாவதை மட்டும் பிடித்துக்கொண்டுள்ளனர். அவர்கள் பக்கம் ஆதாரமே இல்லையென்று சொல்லமாட்டேன். பிரித்தானியாவில் 306 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ‘டைரெக்ட்’ ஆய்வில், உணவைக் கடுமையாகக் குறைத்த பிரிவினரில் 46 வீதத்தினருக்கு ஓராண்டின் பின் மருந்தின்றியே சீனி கட்டுப்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் நோய் கண்டு ஆறாண்டு தாண்டாதவர்கள், இன்சுலின் ஏற்றாதவர்கள். மருந்தை நிறுத்தியதும் வைத்தியக் கண்காணிப்பில். இரண்டாமாண்டில் அந்த 46, 36 ஆயிற்று. இவற்றை மறைத்து, பதினைந்து வருட நோயாளியிடம் குளிசையை நிறுத்தச் சொல்வது அவருடைய கண்ணோடும் சிறுநீரகத்தோடும் விளையாடுவது.

பழக்கங்களைத் திடீரென மாற்றாதே என்றும் ஹொஃப்மன் விதித்தார். கிழமைக்குக் கிழமை காலை, மாலை, இரவெனப் புரளும் தொழிற்சாலை வேலையில் எனக்குச் சோறு விடியப்புறம் மூன்று மணிக்கு. இங்கே பழக்கத்தை மாற்றுவது நோயாளியா, முதலாளியா? யேர்மனியின் 1994ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐம்பது வயது தாண்டிய இரவு வேலையாளருக்கு முதலாளி செலவில் ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனைக்கு உரிமை தருகிறது. இரவு வேலை உடலைக் கெடுப்பதாக அதில் உறுதியானால் பகல் வேலை கோரலாம். இதை எம் மேடைகளில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.