திசு என்னும் சொல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்த பச்சிளங்குழந்தையைப் பிரேத பரிசோதனை செய்யலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பெற்றோரின் துயரம் ஒருபுறமும் மருத்துவத்தின் தேவை மறுபுறமும் நிற்பதாகவே எழுதுகின்றனர். 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் வெளியான ரெட்ஃபெர்ன் அறிக்கையை ஊன்றிப் படிப்போருக்கு, அவ்விரண்டின் நடுவே ஒரு சொல் நிற்பது புலப்படும்.

லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் 1988 முதல் 1995 வரை நோய்க்கூற்றியல் பேராசிரியராயிருந்த டிக் வான் வெல்சன், தாம் அறுத்துப் பார்த்த குழந்தைகளின் உறுப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 850 குழந்தைகளின் உடற்பகுதிகள் 2,000க்கும் மேற்பட்ட கலன்களில் கிடந்தன. 1999இல் செய்தி வெளிப்பட்ட பின், ஒரே குழந்தைக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை அடக்கம் செய்த பெற்றோர் உண்டு.

அவர்களுள் பலர் பரிசோதனைக்குக் கையொப்பமிட்டவர்களே. ஆனால் தாளில் இருந்த சொல் ‘திசு’. நகக்கண்ணளவு துணுக்கு என்று பெற்றோர் விளங்கிக்கொண்டனர். முழு இதயமும் அதில் அடங்கும் என்று மருத்துவமனை நடந்துகொண்டது. அறபியில் இதனை ‘நஸீஜ்’ என்பர். நெய்யப்பட்டது என்பது பொருள். ஆங்கிலச் சொல்லின் வேரும் நெசவே. நெய்த துணியில் ஒரு நூலைக் கேட்டுவிட்டுத் துணியையே சுருட்டிக்கொண்டு போனதற்கு ஒப்பாகும் இது.

அன்றிருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமும் பெற்றோரின் இசைவைக் கேட்கவில்லை. மறுப்பு இருப்பதாகத் தெரியாவிடின் போதும் என்றது. வாய் திறவாதவர்மீது எந்தச் சொல்லையும் ஏற்றலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வழங்கும் விதி. (மணப்பெண்ணின் மௌனம் போன்ற விலக்குகள் உண்டு, இறந்த மகவின் முன் நிற்கும் தாயின் மௌனம் அவ்வகையன்று.) 2004ஆம் ஆண்டுச் சட்டமே இசைவைக் கட்டாயமாக்கியது.

அறிக்கை பல்கலைக்கழகத்தையும் மருத்துவமனை நிர்வாகத்தையும் சேர்த்தே குறைகூறியிருந்தது. ஆயினும் பத்திரிகைகள் ஒரு தீயவனின் கதையாகவே அதனைப் படித்தன. அந்த வாசிப்பை நாம் ஏற்கவில்லை. அதனால் பரிசோதனையே குற்றம் போலாகிவிட்டது. மூச்சுக் கருவியும் ஓயாத கண்காணிப்பும் இருந்தும் பிடிபடாத தொற்றையும் இதயக் கோளாற்றையும் பரிசோதனை காட்டுவதுண்டு. பரம்பரை நோயாயின் அடுத்த குழந்தையைப் பற்றிய பதில் அதில் இருக்கக்கூடும்.

மையித்தின் எலும்பை முறிப்பதைக் கண்டிக்கும் நபிமொழியை நினைந்து தயங்கும் நம்மவர்க்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. கருவில் இறந்தவை உட்பட 400 பேரை ஆராய்ந்து 2013இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், உடலைத் திறவாமல் காந்த ஒத்ததிர்வுப் படமும் இரத்தப் பரிசோதனை போன்றவையும் சேர்ந்து பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் முழுப் பரிசோதனையின் முடிவையே தந்தன. எஞ்சியோர்க்குக் கத்தி வேண்டியதாகலாம். அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்று இங்கிலாந்தில் உறுப்பை வைத்துக்கொள்ளத் தனியாகக் கேட்டு இசைவு பெறுகின்றனர். லண்டனில் வாழும் தமிழ்த் தாயிடம் அத்தாளை விளக்குபவர் என்ன சொல்வார்? தமிழகத்தார் ‘திசு’ என்பர், இலங்கையார் ‘இழையம்’ என்பர். இரண்டும் பள்ளிப் பாடச் சொற்களே. ‘விரல்நுனியளவுத் துண்டு எடுப்போம்’, ‘இதயம் முழுவதையும் இத்தனை நாள் வைத்திருப்போம்’ என்று அவளிடம் வெவ்வேறாகச் சொல்லியாக வேண்டும்.