தூசியும் கவிதையும்

கவிதையிற் செய்திக்கும் சாட்சியத்திற்கும் இடமில்லை என்போர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள்முன் நாம் வைக்க விரும்புவது, அமெரிக்கக் கவிஞர் மியூரியல் ருக்கைசர் 1938இல் வெளியிட்ட 'மரித்தோர் நூல்' என்னும் நெடுங்கவிதை.

மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள கோலி பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகில், நீர்மின் உற்பத்திக்கென மலையைக் குடையும் வேலை 1930இல் தொடங்கிற்று. பாறையிற் செறிந்திருந்தது சிலிக்கா. நீர் பாய்ச்சித் துளையிட்டிருப்பின் தூசி அடங்கியிருக்கும். வேலை தாமதிக்கும் என்பதனால் உலர்ந்த பாறையையே துளைத்தனர். தொழிலாளருக்கு முகக்கவசமும் இல்லை. இறந்தோர் 764 பேர் என 1986இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

1936இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழுவொன்று இதனை விசாரித்தது. அவ்விசாரணையின் வாக்குமூலங்களையே கவிஞர் தம் மூலப்பொருளாக்கினார். மைந்தர் மூவரை இழந்த தாயொருத்தி, எக்ஸ்ரே படத்துக்கான பணத்தைத் தெருவில் இரந்து பெற்ற கதை அதில் உண்டு. அங்கு அலங்காரம் இல்லை. ஆயினும் எந்த ஒப்பாரிக்கும் அது குறைந்ததன்று. மருத்துவரின் விளக்கமும் நிறுவனத்தின் பங்கு விலையும் ஒரே கவிதையில் இடம்பெறுகையில், தீர்ப்பை வாசகனே எழுதுகிறான்.

குறையும் உண்டு. சுரங்கத்துள் உழைத்தோரிற் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். அவர்தம் குரலுக்குக் கிடைத்த இடமோ சிறிது. சாட்சியத்தை நம்பும் கலை, சாட்சி சொல்ல அழைக்கப்படாதோரையும் தேடிச் செல்லுதல் வேண்டும்.

தூசியை அளப்பது விஞ்ஞானியின் பணி. அதனைச் சுவாசித்தவர் யார், சுவாசிக்க வைத்தவர் யார் என வினவுவது எழுத்தாளனின் பணி. அவ்வினாவைக் கவிதையன்று என ஒதுக்குவோர், யாருடைய மௌனத்தைக் காக்கின்றனர் என்பதே நம் கேள்வி.