புள்ளியா, பள்ளமா? தேய்ந்த வெள்ளி ரூபாயை ரசிப்பது எப்படி

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் கடலில் காசு வீசுவதும், அதைத் துழாவி எடுக்க ஆட்கள் இருப்பதும் ஊரறிந்தது. கிடைப்பதில் பெரும்பாலானவை இன்றைய சில்லறைதான். எப்போதாவது கறுத்துப்போன விக்டோரியா ராணி ரூபாய் ஒன்று தட்டுப்படும். ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை வேறு ரகம்: மாலையில் கோர்க்கத் துளை போட்டவை, கொக்கி பற்றவைத்தவை. கடையில் கேட்டால், "தேஞ்ச காசு, வெள்ளி விலைக்கு எடுத்துக்குங்க" என்பார்கள். அந்த விலைக்கே வாங்குங்கள். பளபளக்கும் காசில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். இதில்தான் கண்ணுக்கு வேலை.

முதலில் ஒரு விஷயம். காசில் உள்ள ஆண்டு, அது அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. நான்காம் வில்லியம் ரூபாயில் 1835 என்று போட்டார்கள். 1840 வரை அதே ஆண்டுதான். அடுத்து 1840 என்று போட்டதை 1862 வரை மாற்றவில்லை. பிறகு 1862. அதுவும் 1874-ல் புது ஆண்டு பொறிக்கும் வரை ஓடியது. ஆக, ஒரே '1862' காசு பன்னிரண்டு ஆண்டுகளில் எதில் வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். 1869-ல் இலங்கையும் இந்திய ரூபாயையே தன் செலாவணியாக ஏற்றுக்கொண்டதால், பாக் நீரிணையின் இரு கரையிலும் புழங்கியது இதே காசுதான்.

எண் அழிந்துவிட்டதா? தலையைப் பாருங்கள். வலப்பக்கம் பார்க்கும் ஆண் தலை என்றால் வில்லியம், 1835. இடப்பக்கம் பார்க்கும், மகுடமில்லாத இளம் விக்டோரியா என்றால் 1840. மகுடமும் பூவேலைப்பாடு கொண்ட ஆடையும் இருந்தால் 1862-ஓ அதற்குப் பிந்தையதோ. 1877 முதல் 'குயின்' போய் 'எம்ப்ரஸ்' வந்துவிடும். 1840 ரூபாயில் ஆண்டு ஓரத்தில், இலைவளையத்துக்கு வெளியே இருப்பதால் சீக்கிரம் தேயும். 1862-ல் அது நடுவே, 'இந்தியா' என்ற சொல்லுக்குக் கீழே, பூவளையத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

1840-லேயே இரண்டு வகை. ராணியின் உச்சந்தலைக்கு மேலே எழுத்து ஓடினால் முந்தைய வகை. 'விக்டோரியா' ஒரு பக்கமும் 'குயின்' மறுபக்கமுமாகப் பிரிந்து, உச்சிக்கு மேல் வெறுமையாக இருந்தால் 1850 வாக்கில் வந்த பிந்தைய வகை. பாதி எழுத்து மிச்சமிருந்தாலும் போதும், அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே வகையைச் சொல்லிவிடும்.

இனி உண்மையான விளையாட்டு. பம்பாய் நாணயச்சாலை 1862 ரூபாயில் ஆண்டுக்குக் கீழேயும், சில வகைகளில் மேலேயுள்ள பூவின் அடியிலும் சின்னஞ்சிறு புள்ளிகளை வைத்தது. மாறாத ஆண்டுக்குள் மாறும் ஆண்டைக் குறித்த ரகசியக் கணக்கு என்று சேகரிப்பாளர்கள் அவற்றை வாசிக்கிறார்கள். நல்ல காசில் எண்ணிவிடலாம். உப்புத் தின்ற காசில் எங்கு பார்த்தாலும் புள்ளியாகத்தான் தெரியும்.

அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து, காசின் இடப்பக்கத்திலிருந்து அடியுங்கள். மேடான புள்ளியாக இருந்தால் அதன் இடப்பக்கம் மின்னும், நிழல் வலப்பக்கம் விழும். உப்பு அரித்த குழியில் நேர்மாறு: இடச்சுவர் இருண்டு, வலச்சுவர் மின்னும். காசை மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். நிஜப் புள்ளியின் நிழல் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிர்ப்புறமே விழும். காசு மாற்றும் வணிகர்களான சராப்புகள் வெள்ளியைச் சோதிக்க அடித்த குத்துக்குறியும் குழிதான். ஆனால் அதைச் சுற்றி உலோகம் பிதுங்கி மெல்லிய கரை கட்டியிருக்கும். அரிப்புக் குழியில் அந்தக் கரை இருக்காது. இன்னொரு ஏமாற்று, கடல்நீர் வெள்ளியில் உண்டாக்கும் சாம்பல் நிறப் பொருக்கு. இது மேடாகவே நிற்கும், நிழலும் சரியாகவே விழும். ஈர்க்குச்சி நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள். பொருக்கு மெழுகுபோல அமுங்கும், வெள்ளி அசையாது.

தராசும் உதவும். ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நாட்டு மருந்துக் கடைகளின் 'ரூபாய் எடை' இதுவேதான். கொக்கி இருந்தால் கூடும், கடல் தின்றிருந்தால் குறையும்.

பல்பொடியும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்போடு சேர்ந்து புள்ளியும் போய்விடும், அப்புறம் எந்த டார்ச்சாலும் மீட்க முடியாது. மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.