லெ லோக்கிளின் பரண்

ஜெனித் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். காதில் வைத்தால் டிக் டிக் என்று பிரித்துக் கேட்க முடியாது, ஒரே ரீங்காரம். நொடிக்குப் பத்துத் துடிப்பு, மணிக்கு 36,000. அந்தக் காலத்துக் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை நொடிக்கு ஐந்தோ ஆறோ துடித்தவை.

அப்படி ரீங்கரிக்கும், 1969 ஜனவரியில் வெளிவந்த கடிகார இயந்திரத்தின் பெயர் எல் பிரிமேரோ. தானியங்கிக் குரோனோகிராஃபில், அதாவது நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரத்தில், முதலில் வந்தது யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அது எனக்கு முக்கியமில்லை. நொடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் வேகத்தை 6.5 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடக்கியதுதான் வித்தை. இவ்வளவு வேகத்தில் சக்கரப் பற்களில் இட்ட எண்ணெய் தெறித்துவிடும்; அதற்கென்று உலர்ந்த மசகைத் தேட வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையூரான லெ லோக்கிளில், 1865-இல், 22 வயது ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ தொடங்கிய நிறுவனம் ஜெனித். வீட்டுக்கு வீடு சிதறிக் கிடந்த கடிகார வேலைகளை அவர் ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்தார்.

அந்த ஒரே கூரைதான் பின்னாளில் எல் பிரிமேரோவைக் காப்பாற்றியது. 1970களில் மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் அலை அடித்தது. நிறுவனம் அப்போது அமெரிக்க முதலாளிகள் கையில். 1975-இல் இயந்திரக் கடிகாரமே வேண்டாம், கருவிகளை விற்றுவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. பட்டறையில் இருந்த ஷார்ல் வெர்மோ மறுத்துக் கடிதம் எழுதிப் பார்த்தார், பலனில்லை. பிறகு வெட்டுக் கருவிகள், அச்சுகள், வரைபடங்கள் என ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏற்றி, எது எதற்கு என்று சீட்டும் எழுதி ஒளித்துவைத்தார். கடிகாரத்தை எவரும் பிரித்துப் பார்த்து வரைந்துகொள்ளலாம். அந்தப் பாகங்களை வெட்டும் கருவி போனால் மறுபடி செய்யப் பெருஞ்செலவும் பல ஆண்டுகளும் ஆகும். அதை அறிந்தவர் அவர்.

1984-இல் பரண் திறந்தது, கருவிகள் மீண்டும் வேலைக்கு வந்தன. 1988-இல் ரோலெக்ஸே தன் டேட்டோனா குரோனோகிராஃபுக்கு இந்த இயந்திரத்தை வாங்கியது; ஆனால் துடிப்பை 28,800-ஆகக் குறைத்துக்கொண்டது. தேய்மானம் குறையும், பராமரிப்பு எளிது என்பதால் அது நியாயமான முடிவுதான். ஆனாலும் அந்த டேட்டோனாவையும் ஒரு ஜெனித்தையும் முன்னால் வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால், விலையைப் பற்றி யோசிக்காமல் ஜெனித்தைத்தான் எடுப்பேன்.