போட்டியா, பொதுப்பணியா?

போட்டி இருந்தால் சேவை சிறக்கும் என்பது இன்று பலராலும் ஆராயாமலே ஒப்புக்கொள்ளப்படும் ஒரு கொள்கை. அரசாங்க பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் ஒப்பிட்டுப் பேசுவோர் இதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அளவுகோலே சரியானதுதானா என்று பார்ப்போர் மிகச் சிலர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வைத்து நாம் அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

எழுவான்கரையில், மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஊடாகக் கல்முனைக்குச் செல்கிறது பெருந்தெரு. ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கிறது. சந்தையும் பாடசாலையும் அலுவலகமும் தெருவோரத்திலேயே உள்ளன. இங்கே இரு தரப்பு பஸ்களும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. வாவிக்கு அப்பால் படுவான்கரையோ வயலும் மேய்ச்சல் தரையும் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களுமாக விரிகிறது. மண்முனைத் துறையில் 'பாதை' ஏறிக் கொக்கட்டிச்சோலைக்குச் சென்ற மக்களுக்கு 2014-ஆம் ஆண்டு பாலம் கிடைத்தது. ஆனால் பாலம் தானாக ஆளை ஏற்றிச் செல்வதில்லை. அதன்மேல் குறித்த நேரத்துக்கு ஒரு பஸ் ஓடவேண்டும். அந்த ஒன்றைத்தான் போட்டி கொண்டுவந்து தருவதில்லை.

ஏன்? தனியார் பஸ் உரிமையாளரிற் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகளைக் கடனுக்கு வாங்கியோர். சாரதியின் கூலியும் நடத்துநரின் கூலியும் அன்றாட வசூலிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, ஆள் நிரம்பும்வரை நிற்பதும், நிரம்பியபின் அடுத்த தரிப்பிடத்து ஆட்களைப் பிடிக்கப் பறப்பதும் அவர்தம் குணக்கேடு அல்ல; அந்த ஏற்பாட்டின் விளைவு. மாதவாடகை கட்டவேண்டியவனிடம் ஆளில்லாத தெருவில் மாலை நேரத்தில் ஓடு என்று அறம் உரைப்பதாற் பயனில்லை.

இது புதிய அனுபவமும் அன்று. தெருக்களில் நடந்த கட்டற்ற பந்தயத்தை அடக்கவே 1942-இற் சட்டம் வந்து, வழிக்கொரு கம்பனி என்ற முறை ஏற்பட்டது. பந்தயம் ஓய்ந்தது, ஏகபோகம் எழுந்தது. அதன் பின்னரே, 1958 ஜனவரி முதலாந் திகதி, பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ் சேவையைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. இலாபந் தரும் வழியின் வருவாய் இலாபமற்ற வழியைத் தாங்கும் என்பதே அவ்வமைப்பின் உயிர்நாடி. 1979-இல் தனியாருக்கு மீண்டும் தெரு திறந்துவிடப்பட்டபோது அறுந்தது அந்த நாடிதான். வளமான வழிகளின் வசூல் பங்கு போயிற்று. வறண்ட வழிகளும் மாணவரின் சலுகை விலைப் பருவகாலச் சீட்டும் அரசாங்க பஸ்ஸின் தலையிலேயே எஞ்சின. அதன்பின் நட்டக் கணக்கைக் காட்டி, அரசாங்கத்துக்கு பஸ் ஓட்டத் தெரியாது என்று தீர்ப்புக் கூறுவது எவ்வகை நியாயம்?

இவ்வாறு கூறுவதால் சபையின் குறைகளை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. அரசியல்வாதியின் சிபாரிசில் ஆட்சேர்ப்பு, பழுதாகிக் கிடக்கும் வண்டி, முன்னறிவித்தலின்றிக் கைவிடப்படும் ஓட்டம் ஆகியவற்றை மக்கள் நன்கறிவர். பொதுவுடைமை என்ற பெயர் மட்டுமே ஒரு நிறுவனத்தை மக்களுடையதாக்கிவிடாது. 2025 ஆகஸ்டில் இணைந்த நேர அட்டவணையை எதிர்த்துச் சபையின் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. தொழிலாளரின் உரிமைக்காக நிற்கும் நாம், அட்டவணை யாருக்காக என்ற கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும். பயணியும் தொழிலாளியே, கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அரைமணித் தாமதம் அரைநாட் கூலி.

வகுப்பறையில் இதன் விலையை நாம் நாள்தோறும் காண்கிறோம். எழுவான்கரையிலிருந்து செல்லும் ஆசிரியர் பிந்தினால் முதற்பாடம் போயிற்று. மாலை பஸ் நிச்சயமில்லையெனில், உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க நகருக்குச் செல்லும் படுவான்கரைச் சிறுமியின் படிப்பே நின்றுவிடுகிறது. இக்கணக்கு எந்த இலாபநட்ட ஏட்டிலும் பதியப்படுவதில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? 2005-இல் தொடங்கிய 'சிசு செரிய' பாடசாலைச் சேவையில் அரசு பணங்கொடுத்து ஓட்டத்தை வாங்குகிறது. அதில் தனியார் பஸ்ஸும் ஒழுங்காக ஓடுகிறது. பந்தயமின்றியும் பஸ் ஓடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? கல்முனைத் தெருவில் ஓட அனுமதி பெறும் ஒவ்வொருவருக்கும், அரசாயினும் தனியாராயினும், படுவான்கரையில் ஓர் ஓட்டம் கடமையாக்கப்படட்டும். நட்டம் நேரின் பொதுப்பணம் அதனை ஈடுசெய்யட்டும். அட்டவணையை வகுக்கும்போது பாடசாலை மணியும் அறுவடைக் காலமும் அறிந்தோர் உடனிருக்கட்டும்.

எத்தனை பஸ்கள் முந்தி ஓடுகின்றன என்பது சேவையின் அளவுகோல் ஆகாது. கடைசி ஊரின் கடைசிப் பயணி இருட்டுமுன் வீடு சேர்ந்தாரா என்பதே அளவுகோல். ஆசிரியரும் மாணவரும் கோரவேண்டியது அதனையே.