கொடியவன் இல்லாத கொடுமை

ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852-இல் வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’யைப் படித்தோர் எவரும் சைமன் லெக்ரியை மறப்பதில்லை. அடிமையை அடித்துக் கொல்லச் செய்யும் அவனை வெறுப்பது எளிது; வெறுத்தபின் நம் மனம் ஆறுதலும் கொள்கிறது. ஆனால் டாமை முதலில் விற்றவர், அவர்மீது அன்பு பாராட்டிய ஷெல்பி என்னும் நல்ல எசமானர். கடன் நெருக்கியது, கையொப்பமிட்டார். நிறவெறி தீயோரின் குணம் மட்டுமன்று, நல்லோரையும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு என்பதை அக்கையொப்பமே உணர்த்துகிறது.

அந்நாட்டு அடிமைமுறையையும் நம் சாதியையும் இணைத்து நோக்குவது புதிதன்று. ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’யை 1873-இல் அமெரிக்க அடிமை விடுதலைக்கு உழைத்த மக்களுக்கே காணிக்கையாக்கினார். எனவே, நம் புனைவுகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அது திண்டுக்கல் தோல் தொழிலாளரின் கதையேயாயினும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசகருக்கு அதன் சுண்ணாம்புக் குழி அயலானதன்று. கொடுமை கண்டு ஓசேப்பு கை ஓங்கும் இடம் நம்மைச் சிலிர்க்க வைக்கிறது. எனினும் லெக்ரியை வெறுத்தபோது கிடைத்த அதே ஆறுதல் அங்கும் கிடைத்துவிடுகிறது. குழியில் இறங்குவது யார் என்பதைப் பிறப்பும் கடனும் முன்னரே தீர்த்துவைத்திருப்பதைச் சொல்லும் பக்கங்களில்தான் நாவலின் மெய்யான வலிமை உள்ளது. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர் மாண்டபோது, தவறு யாருடையது என்று கேட்டோம். அத்தொட்டியருகே உறங்க நேர்ந்தவர்கள் ஏன் எப்போதும் ஏழைகளே என்று கேட்டோமா?

அக்கேள்வியைப் பாமாவின் ‘கருக்கு’ (1992) கேட்கிறது. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், அதன் நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். வேடிக்கையென்று சிரித்த சிறுமி, தன் அண்ணன் காரணம் சொன்னதும் கலங்குகிறாள். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதே தீட்டு கன்னியர் மடத்துக்குள்ளும் நீள்வதைப் பாமா காட்டும்போது, திருப்பணியாளராகிய நமக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இரு கல்லறைத் தோட்டங்கள் கொண்ட பங்கொன்றில் நாம் முன்பு பணியாற்றினோம். அடக்கப் பதிவேட்டில் எந்தத் தோட்டம் என்பதை வழக்கப்படி எழுதிக் கையொப்பமிட்டோம். எவரையும் நாம் இழிவாகப் பேசியதில்லை. ஷெல்பியும் பேசியதில்லை.

செல்வர் இலாசரை அடித்தார் என்று நற்செய்தி கூறவில்லை. தம் வாயிலருகே கிடந்தவரை அப்படியே கிடக்கவிட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் ‘பாவக் கட்டமைப்புகள்’ என்று குறிப்பிட்டது இத்தகைய வாழ்வையே எனலாம். கொடியவனைக் காட்டும் கதை நம்மை நீதிபதியாக்குகிறது. நூலில் தொங்கும் பொட்டலத்தைக் காட்டும் கதையோ நம்மைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அழைத்துச் செல்கிறது. அன்பர்கள் இரண்டாவதை முதலில் படிப்பார்களாக.