முதல் நிமிடத்தில் சொல்லி, கடைசி மோதலில் புரியவைத்த பாட்டு

வீடியோ கேமுக்குத் தொடக்கப் பாட்டு பாடுவது எந்த ராக் குழுவுக்கும் கடினமான களம். எதிரில் இருப்பவர் விளையாட வந்தவர், பாட்டுக் கேட்க வந்தவர் அல்ல. கன்ட்ரோலர் அவர் கையில் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். கதை என்னவென்றே தெரியாதவரை முதல் சில நொடிகளில் பிடித்து வைக்க வேண்டும். நாற்பது ஐம்பது மணி நேரம் விளையாடி முடித்த பிறகும் அந்தப் பாட்டு பழசாகத் தெரியக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சாதித்த பாட்டுகள் மிகக் குறைவு. அவற்றில் முதலிடத்தை நான் ‘கர்மா’வுக்குத்தான் கொடுப்பேன்.

ஜப்பானிய ராக் குழுவான பம்ப் ஆஃப் சிக்கன், நாம்கோவின் ‘டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்’ கேமுக்காகப் பதிவு செய்த பாட்டு இது. 2005 நவம்பர் 23 அன்று ‘சூப்பர்நோவா’ என்ற இன்னொரு பாட்டுடன் சேர்ந்து, இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்த சிங்கிளாகக் கடைக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 2-க்கான கேம் டிசம்பர் 15 அன்றுதான் வெளியானது. ஆக, மூன்று வாரம் இந்தப் பாட்டு கேமின் துணையில்லாமல் தன் காலிலேயே நிற்க வேண்டியிருந்தது. நின்றது.

அணியும் களமும்

சிபா மாநிலத்தின் சகுரா என்ற ஊரில் சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்த நான்கு நண்பர்கள்தான் இந்தக் குழு. மோடூ ஃபுஜிவாரா பாடுகிறார், கிட்டார் வாசிக்கிறார், பாட்டுகளை எழுதுகிறார். இன்னொரு கிட்டார் ஹிரோவாகி மசுகாவா, பேஸ் யோஷிஃபுமி நாவோயி, டிரம்ஸ் ஹிதியோ மாசு. 1996-இல் தொடங்கிய குழு, 2001-இல் வந்த ‘டென்டாய் கன்சோகு’ என்ற பாட்டால் ஜப்பான் முழுக்கத் தெரிந்த பெயரானது. கேமுக்குப் பாடித்தான் புகழ் தேட வேண்டும் என்ற நிலையில் 2005-இல் அவர்கள் இல்லை.

‘டேல்ஸ்’ வரிசைக்கும் பாட்டு விஷயத்தில் ஒரு கௌரவம் உண்டு. 1995-இல் சூப்பர் ஃபாமிகாமில் வந்த ‘டேல்ஸ் ஆஃப் ஃபேன்டேசியா’, மனிதக் குரல் பாடும் தொடக்கப் பாட்டை வெறும் 48 மெகாபிட் கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கியது. அது 6 மெகாபைட். இன்று கைப்பேசியில் அனுப்பிக்கொள்ளும் ஒரே ஒரு பாட்டுக் கோப்பு ஏறக்குறைய அந்த அளவு வரும். அந்த இடத்துக்குள் முழு கேமும் இருந்தது, அதோடு ஒரு பாடகியின் குரலும் இருந்தது. அதன் பிறகு புகழ்பெற்ற குழுக்களைப் பாட வைப்பது இந்த வரிசையின் வழக்கமாயிற்று. 1997-இல் ‘டெஸ்டினி’க்கு டீன், 2004-இல் ‘ரீபர்த்’துக்கு எவ்ரி லிட்டில் திங், 2005-இல் ‘லெஜன்டியா’வுக்கு டூ ஆஸ் இன்ஃபினிட்டி.

அவையெல்லாம் நல்ல பாட்டுகள். ஆனால் அவற்றைக் கதையிலிருந்து பிரித்தெடுத்துக் கேட்டால் எதுவும் குறைந்துவிடாது. வரிசையின் பத்தாவது ஆண்டுப் படைப்பாக வந்த ‘அபிஸ்’ஸில்தான் அந்தக் கணக்கு மாறியது.

நான்கு பேரின் ஆட்டம்

முதலில் இசையை மட்டும் பார்ப்போம். ‘கர்மா’ கிட்டாரோடு தொடங்குகிறது. ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வேகமாக மீட்டும் வாசிப்பு. ஸ்வரங்கள் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. டிரம்ஸ் புகுந்ததும் முழு வேகம். அதற்குப் பிறகு பாட்டு மூச்சு வாங்குவதே இல்லை. டெஸ்ட் போட்டியின் முதல் ஓவரிலேயே இறங்கி அடிக்கும் தொடக்க ஆட்டக்காரரின் துணிச்சல் அது.

இந்த வேகத்தில் பல குழுக்கள் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே நான்கு வாத்தியங்களும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. மாசுவின் டிரம்ஸ் அலங்காரத்துக்காக எங்கும் நிற்பதில்லை. வேகத்தைக் காப்பதே தன் வேலை என்று வைத்திருக்கிறது. நாவோயியின் பேஸ் கிட்டாரின் நிழலில் பதுங்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கிறது. இரண்டு கிட்டார்களில் ஒன்று மேலே மீட்டிக்கொண்டிருக்க, இன்னொன்று அடியில் தளம் போடுகிறது. சிறு வயதிலிருந்து ஒருவர் கை இன்னொருவருக்குத் தெரிந்த குழுவால்தான் இவ்வளவு நெருக்கமாக வாசிக்க முடியும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஃபுஜிவாராவின் குரல். கொஞ்சம் கரகரப்பான குரல் அது. அழகுக்காக ஸ்வரத்தை இழுத்து நெளிக்கும் பழக்கம் இல்லை. இசை பதறினாலும் பாடுபவர் பதறுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வைக்கிறார். பல்லவி உயரும் இடத்திலும் கத்தாமல், நேராகப் பார்த்துப் பேசுகிறவரின் உறுதியோடு பாடுகிறார். ஓடும் இசைக்கும் நிற்கும் குரலுக்கும் நடுவே உண்டாகும் இழுபறிதான் இந்தப் பதிவின் உயிர்.

சிங்கிளின் இன்னொரு பாதியான ‘சூப்பர்நோவா’ இதற்கு நேர் எதிர்: மெதுவானது, கூட்டமாகச் சேர்ந்து பாடும் குரல்கள் கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ‘கர்மா’வின் வேகம் குழுவுக்குத் தெரிந்த ஒரே வழி அல்ல, இந்தக் கதைக்காகத் தேர்ந்தெடுத்த வழி என்பது விளங்கும்.

கதையின் பூட்டுக்குள்

இனி அந்தக் கதை. அதன் திருப்பத்தைச் சொல்லாமல் இந்தப் பாட்டை அலச முடியாது.

‘அபிஸ்’ஸின் நாயகன் லூக், பிரபு வீட்டுப் பிள்ளை. பத்து வயதில் கடத்தப்பட்டு, நினைவெல்லாம் அழிந்து, நடக்கக்கூட மறுபடி கற்க வேண்டிய நிலையில் வீடு திரும்பியவன். அதன் பின் ஏழு ஆண்டுகள் மாளிகைச் சுவருக்குள்ளேயே வளர்ந்ததால் திமிரும் அறியாமையும் அவனுக்கு மிகுதி. தன் வாள் ஆசானை நம்பி அவன் செய்யும் ஒரு காரியத்தால் அக்ஸெரியூத் என்ற சுரங்க ஊரே மக்களோடு மண்ணுக்குள் போகிறது. அதன் பிறகுதான் உண்மை வெளிவருகிறது. அவன் லூக்கே அல்ல. கடத்தப்பட்ட சிறுவனைப் பார்த்து உருவாக்கிய நகல். அசல் சிறுவன் ஆஷ் என்ற பெயரில், தன் வீடும் பெயரும் பறிபோன கோபத்தோடு எதிரில் நிற்கிறான்.

இப்போது பாட்டுக்குத் திரும்புங்கள். அதன் தொடக்கத்திலேயே இரண்டு கண்ணாடிக் கோலிக்குண்டுகள் வருகின்றன. வெயில் படும் இடம் ஒன்றுதான். இரண்டும் அங்கே சேர்ந்திருக்க வழியில்லை. ஒருவன் வாழ்கிறான் என்றால் இன்னொருவனின் இடத்தை எடுத்துக்கொண்டுதான் வாழ்கிறான் என்ற பாரம் பாட்டு முழுக்கத் தொடர்கிறது. கண்ணாடியில் தெரியும் முகம், குற்றக் கறை, கொடுத்த வாக்கு எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன. லூக், ஆஷ் என்ற பெயர்கள் எங்கும் இல்லை. கேமின் கற்பனை உலகத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கதையின் மைய ரகசியம் முழுவதும் அங்கே திறந்த வெளியில் கிடக்கிறது.

முதல் நாள் கேமைத் தொடங்குபவருக்கு அது வேகமான நல்ல ராக் பாட்டு, அவ்வளவுதான். பாதிக் கதை கடந்தபின் மறுபடி போட்டுக் கேட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு முகத்தைக் காட்டுகிறது. தொடக்கப் பாட்டே கதையைச் சொல்லிவிட்டது, நாம்தான் அப்போது கேட்கும் நிலையில் இல்லை என்று உணரும் அந்த நொடி, வேறு எந்தக் கலையிலும் இவ்வளவு கூர்மையாகக் கிடைப்பது அரிது.

மெட்டு திரும்பி வரும் இடம்

பெரும்பாலான கேம்களில் பாட்டு எழுதியவரின் வேலை தொடக்கக் காட்சியோடு முடியும். இங்கே முடியவில்லை. கேமின் பின்னணி இசைக்கு மோடோய் சகுராபா, ஷின்ஜி தமுரா ஆகியோரோடு ஃபுஜிவாராவும் பங்களித்தார். ‘கர்மா’வின் மெட்டைப் பிரித்து அவர் செய்த இசைத் துண்டுகள், ‘சாங் ஃபார் டேல்ஸ் ஆஃப் தி அபிஸ்’ என்ற தனித் தொகுப்பாக 2006-இல் வெளிவந்தன.

அவற்றில் ‘மீனிங் ஆஃப் பர்த்’ என்ற துண்டுதான் உச்சம். கதையின் இறுதிப் பகுதியில் லூக்கும் ஆஷும் ஒரே அறையில் சிக்குகிறார்கள். அதிலிருந்து ஒருவன் மட்டுமே மேலே போக முடியும். அதுவரை நண்பர்கள் சூழச் சண்டையிட்ட ஆட்டக்காரர் இப்போது லூக்கோடு தனியாக நிற்கிறார். மோதல் தொடங்கும்போது பின்னணியில் எழுவது நமக்கு நன்றாகத் தெரிந்த மெட்டு. சொற்கள் இல்லை, மெட்டு மட்டும். ஆனால் அத்தனை மணி நேரத்துக்கு முன் கேட்ட சொற்கள் நம் தலைக்குள் தாமாகவே ஓடுகின்றன. இசையால் கதை சொல்வது என்றால் இதுதான். விளக்க ஒரு வசனம் தேவைப்படவில்லை.

சொல் இழந்த பதிப்பு

2006-இல் வட அமெரிக்காவில் வந்த பதிப்பில் இதே தொடக்கக் காட்சிக்குக் குரல் இல்லாத இசை வடிவம்தான் ஒலித்தது. அங்கே விளையாடியவர்களுக்கும் மெட்டு பிடித்தது, கடைசி மோதலில் அது திரும்பியபோது சிலிர்த்தும் இருப்பார்கள். ஆனால் தொடக்கத்திலேயே கைக்குள் வைக்கப்பட்ட சாவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மொழி புரியாவிட்டாலும் ஃபுஜிவாராவின் குரலில் இருக்கும் அந்தப் பாரம் காதுக்கு எட்டும். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதிப் பாட்டு. ஜப்பானில் 2008 அக்டோபரில் சன்ரைஸ் தயாரிப்பில் அனிமே தொடராக வந்தபோது, தொடக்கப் பாட்டாக ‘கர்மா’வையே குரலோடு வைத்தார்கள். சரியான முடிவு.

குறை இல்லையா என்றால், உண்டு. வேகம் எங்கும் தளராததால், பாட்டின் நடுப்பகுதியில் கேட்பவருக்கு இளைப்பாற இடமில்லை. கதை தெரியாமல் கேட்பவருக்குச் சொற்களின் அடர்த்தி கொஞ்சம் மிரட்டும். இதே குழு 2011-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி டைப்-0’ கேமுக்குப் பாடிய ‘ஸீரோ’வில் அந்த அவசரம் இல்லை. அது கதையின் முடிவில் ஒலிக்கும் பாட்டு. போரில் மாண்ட மாணவர்களுக்காக நின்று அழுவதற்கு நேரம் கொடுக்கிறது. முதிர்ச்சியில் ‘ஸீரோ’ ஒரு படி மேல் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘ஸீரோ’வைக் கேட்கும்போது கதை நமக்கு ஏற்கெனவே தெரியும். ‘கர்மா’ எதுவும் தெரியாதவரிடம் பேசத் தொடங்கி, எல்லாம் தெரிந்தவரிடம் பேசி முடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சவால் பெரியது.

தீர்ப்பு

கேம் நிறுவனமும் இசை நிறுவனமும் கைகோத்து ஒரு பாட்டை விளம்பரப்படுத்துவது ஜப்பானில் அன்றாட வியாபாரம். அந்த ஏற்பாட்டில் பிறக்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை கேம் விற்றுத் தீர்ந்ததும் மறக்கப்படுகின்றன. ‘கர்மா’ மறக்கப்படாததற்குக் காரணம் குழுவின் புகழ் அல்ல. எழுதியவர் கதையின் வெளியே நின்று வாழ்த்துப் பாடவில்லை; அதன் வலி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குள் போய் உட்கார்ந்து எழுதினார். பிறகு அதே மெட்டைக் கேமின் உள்ளேயும் கொண்டுபோனார். கேம் தயாரித்தவர்களும் அதற்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கேமுக்குப் பாட்டுக் கேட்டு வரும் தயாரிப்பாளர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுதான். பெரிய பெயரைப் பிடித்து ஒரு பாட்டு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். கதையை முழுதாக அவர் கையில் கொடுங்கள், கடைசிக் காட்சி வரை அவருக்கு வேலை கொடுங்கள். அப்படிச் செய்தால், தொடக்கப் பாட்டைத் தாண்டிப் போக இருக்கும் அந்தப் பொத்தானை யாரும் தேட மாட்டார்கள்.